மழை என்றால் லீவு மட்டும்தானா?

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, பின்வரிசையில் பிஸ்கெட்டுக்காகக் காத்திருக்கும் குழந்தைகளே!

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. சம்ப் சுத்தம் செய்வது, மழைநீர்க் குழாய் அடைப்பு எடுப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைப்பது என்று செயலாளர் இப்போது ஒரு பட்டியல் வாசித்தார். அதில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லத்தான் எழுந்தேன். நம் பிள்ளைகளுக்கு வானிலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"அதைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களே" என்பீர்கள். தருகிறார்கள். நீர்ச் சுழற்சிப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பத்துக்குப் பத்து வாங்கி வருகிறார்கள். ஆனால் வானம் இருட்டியதும் அதே பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, "நாளைக்கு லீவா?" என்பதுதான். நாமும் கலெக்டர் அறிவிப்பு வந்துவிட்டதா என்று போனைப் பார்க்கிறோம். ஜன்னலைச் சாத்திய ஏ.சி. அறையில் வளரும் குழந்தைக்கு மழை என்பது ஒரு விடுமுறை நாள், வெயில் என்பது கரண்ட் பில். அதற்கு மேல் தெரிந்துகொள்ள நாம் வழி வைக்கவில்லை.

வானிலைப் பாடத்தை அடுப்படியிலேயே தொடங்கலாம். மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி வழியும் இட்லி மாவு, டிசம்பரில் விடிந்த பிறகும் அப்படியே இருக்கும். ஏன் என்று குழந்தையிடம் கேளுங்கள். வெப்பம் கூடினால் மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்கின்றன என்பதை அது தானே கண்டுபிடிக்கட்டும். மழைக்காலத்தில் உப்பு கசிவதும், டப்பாவைத் திறந்து வைத்தால் அப்பளம் நமத்துப் போவதும் காற்றில் இருக்கும் ஈரத்தால்தான். ஒரே அளவு கைக்குட்டை இரண்டை நனைத்து, ஒன்றை ஃபேன் காற்றிலும் ஒன்றை மூலையிலும் காயப் போடச் சொல்லுங்கள். எது எத்தனை நிமிடத்தில் காய்கிறது என்று எழுதட்டும். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, அதனால்தான் சென்னையில் 36 டிகிரிக்கே இப்படிப் புழுங்குகிறது என்பது அதற்குப் பிறகு தானாகவே புரியும்.

அடுத்தது காற்று. வெயில் காலத்தில் பிற்பகலில் கொடியில் கிடக்கும் துணிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரையின் மேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் இந்தக் கடற்காற்று தாமதமாக வரும். நாம் 40 டிகிரியைத் தாண்டித் தவிப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. "கடற்காற்று வந்துவிட்டதா?" என்று பார்த்துவிட்டுக் கிரிக்கெட் மட்டையை எடுக்கும் பிள்ளைக்கு வெயில் மயக்கம் அவ்வளவு சுலபத்தில் வராது.

இனி மழை. நான் பி.காம். படித்தவன். வங்கியில் காலம் முழுவதும் எண்களோடு குடித்தனம் நடத்தியவன். அதனால் மழையையும் கணக்காகவே பார்க்கிறேன். 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் தண்ணீர். இது ஒன்றைக் கற்றுக் கொடுத்துவிட்டால் போதும். 5,000 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறக்குறைய 465 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கிப் பாருங்கள், ஆறரை லட்சம் லிட்டர் வருகிறது. ஆவியானதும் வழிந்ததும் போக நூற்றுக்கு எண்பது பங்கு தேறினாலும், 12,000 லிட்டர் டேங்கரில் 43 லோடு. டேங்கருக்கு நாம் கொடுக்கும் பணம் பொருளாளருக்குத் தெரியும், அதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கினார்கள். அந்தக் குழாய் எங்கே இறங்குகிறது என்று நம் வளாகத்தில் எத்தனை குழந்தைகளுக்குக் காட்டியிருக்கிறோம்?

மழையை அளக்க விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. பக்கங்கள் நேராக இருக்கும் 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் போலப் பொருத்துங்கள். அடியில் வளைவு இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத திறந்த இடத்தில் வையுங்கள். வானிலை மையம் தினமும் காலை 8.30 மணிக்குத்தான் மழைக் கணக்கை முடிக்கிறது. நாமும் அதே நேரத்தில் பார்த்து ஒரு நோட்டில் எழுதலாம். பள்ளி நாட்களில் அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் வேனில் ஏறியிருப்பார்கள். தாத்தா பாட்டிகள் நாம் எதற்கு இருக்கிறோம்? நாம் எழுதி வைத்து, சாயங்காலம் காட்டுவோம். பாஸ்புக்கில் வரவு ஏறுவதைப் பார்க்கும் சந்தோஷம் அவர்களுக்கும் கிடைக்கட்டும்.

அந்த நோட்டு இருந்தால் டிவியில் சொல்வதும் புரியும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6இலிருந்து மிக கனமழை. 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ரெட் அலர்ட் என்பது லீவுக்கு இன்னொரு பெயர் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்பதை மட்டும் பார்த்தாலும் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் வெள்ளத்தில் நின்றது நாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா நம் ஊர் வழியாகவே போனது. புயலின் கண் நம் மேல் வரும்போது காற்று அடங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். அந்த அமைதியை நம்பி வெளியே போகக் கூடாது என்பது பாடப் புத்தகத்தைவிட முக்கியமான பாடம்.

பயமுறுத்திச் சொல்ல வேண்டாம், காரணத்தோடு சொல்லுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லுங்கள். மூன்று விநாடி என்றால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முப்பதுக்குள் இடி கேட்டால் உள்ளே வர வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு அப்போது போகவே கூடாது, மழை பாட்டில் எங்கேயும் ஓடிவிடாது. தேங்கிய தண்ணீரில் காகிதக் கப்பல் விட இறங்கினால், அடியில் மூடியில்லாத சாக்கடை இருக்கலாம், அறுந்த மின்கம்பி இருக்கலாம். அந்தத் தண்ணீரில் எலிக் காய்ச்சல் பரவும். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் லிஃப்டில் ஏறக் கூடாது. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம், பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்ப்பது பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

நான் சில வருடங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் விதைப்புச் செலவுக்கு நகைகள் வரும். தை மாதம் அறுவடை முடிந்ததும் அதே நகைகளை மீட்டுக்கொண்டு போவார்கள். தண்ணீர் வராத வருடமும், கதிர் முற்றிய நேரத்தில் மழை கொட்டிய வருடமும் மீட்க ஆள் வராது. வட்டியை மட்டும் கட்டிவிட்டு மாற்றி வைப்பார்கள், அதற்கும் முடியாதவர்களுக்கு ஏல நோட்டீஸ் போகும். ஜன்னல் இல்லாத அந்த அறையில் உட்கார்ந்தே அந்த வருடத்து மழை எப்படி என்று சொல்லிவிடலாம்.

இங்கேயும் அப்படித்தான். நமக்கு மழை நாள் என்றால் சூடான பஜ்ஜி. அதை ஆர்டர் செய்தால் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர் ஒருவர். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் வீட்டுக்குள் அன்றைக்குத் தண்ணீர் புகுந்திருக்கலாம். அவர் வராத நாளில் பிள்ளையிடம் "லீவு போட்டுட்டாங்க" என்று சொல்லாமல், "அவங்க தெருவில் தண்ணியாம், போன் பண்ணிக் கேட்போமா?" என்று சொல்லிப் பாருங்கள். வானிலை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பது அதற்குப் புரிந்துவிடும். 2015இல் வெள்ளத்தில் மிதந்த இதே ஊரில், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போய், குடத்தோடு வரிசையில் நின்றோம். நாளைக்கு இந்த இரண்டையும் சமாளிக்கப் போவது அந்தப் பின்வரிசைதான்.

சங்கத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். மொட்டை மாடிக் கதவு இப்போது எப்போதும் பூட்டியே இருக்கிறது. பாதுகாப்புக்காக என்பது எனக்கும் புரிகிறது. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை, தினமும் காலை 8.30க்குப் பதினைந்து நிமிடம் மட்டும், இரண்டு பெரியவர்கள் கூட இருக்கத் திறந்துவிடுங்கள். இடி மின்னல் நாளில் திறக்க வேண்டாம். சாவிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். என்னோடு நிற்க இன்னும் ஏழு தாத்தா பாட்டிகள் முன்வந்தால் ஆளுக்கொரு கிழமை. நோட்டு நான் வாங்கித் தருகிறேன். ஜனவரிக் கூட்டத்தில் மூன்று மாதக் கணக்கைப் பிள்ளைகளே எழுந்து வாசிக்கட்டும்.

பிஸ்கெட் வந்துவிட்டது.