தாயின் உயிர் பெரிதா? வைத்தியர் கௌரவம் பெரிதா?



பிரசவத்தில் ஒரு பெண் மாண்டால் "தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றோம். அந்த எழுத்தை எழுதுகிற கை யாருடையது என்பதைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதிகள் இரண்டிருந்தன. முதற்பகுதியில் வைத்திய மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். 1846-ம் வருஷத்தில் முதற்பகுதியில் நூற்றுக்கு 11 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். மற்றதிலோ நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. முதற்பகுதியில் சேர்க்கவேண்டாமென்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

காரணம் கேட்டால், காற்றின் கெடுதி என்றார்கள் படித்தவர்கள். இரண்டு பகுதிக்கும் காற்று ஒன்றுதானே? சாகிறவர்களுக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியோசையுடன் வருவதால் உண்டாகும் பயம் என்றார்கள். அங்கிருந்த ஸெம்மல்வைஸ் என்னும் வைத்தியர் மணியை நிறுத்தி, பாதிரியாரைச் சுற்றுவழியாக வரச்செய்தார். சாவு குறைந்ததா? இல்லை.

1847-ல் அவருடைய நண்பரான ஒரு ஆசிரியர், பிண பரிசோதனையின்போது மாணவன் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடம்பில் கண்ட குறிகளே ஜுரத்தில் இறந்த தாய்மார் உடம்பிலும் இருந்தன. மருத்துவச்சிகள் பிணத்தை அறுப்பதில்லை. வைத்தியர்களும் மாணவர்களுமே பிணத்தைத் தொட்ட கையுடன் பெண்களைத் தொட்டார்கள்! மே மாதத்தில், குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவவேண்டுமென்று ஏற்பாடு செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 அளவுக்கு வந்தது. விதி எங்கே போயிற்று? கை கழுவிய தண்ணீரோடு போயிற்று!

"நாங்களா கொன்றோம்?" என்று பெரிய வைத்தியர்கள் பலர் கோபித்தார்கள். 1849-ல் அவருக்கு அவ்வேலை இல்லாமற் போயிற்று. 1865-ல் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இறந்தார். ஆகவே பாதிரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. படித்தவனுக்குத் தன் கௌரவமே கடவுளாகிவிட்டால் அதற்கும் நரபலி வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலோ, ஜோசியன் குறித்த நாழிகைக்கு வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுக்கச் சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். தோழர்களே! பிரசவ அறையில் முதலிடம் பஞ்சாங்கத்திற்குமல்ல, பட்டத்திற்குமல்ல. படுக்கையில் கிடக்கும் தாய்க்கே. "ஐயா, கை கழுவினீர்களா?" என்று அவள் பயமின்றிக் கேட்கக்கூடிய ஆஸ்பத்திரியே உண்மையான ஆஸ்பத்திரி என்பது நமது அபிப்பிராயம்.