மலைக்கு ஏத்துற ஜிப்சம் ஷீட்டுக்கு ஒரு கணக்கு

போடியில வீட்டுக்கோ, தோட்டத்து பங்களாவுக்கோ, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் கட்டுற தங்கும் விடுதிக்கோ ஃபால்ஸ் சீலிங் போடலாம்னு இருக்கீங்களா? அப்ப இந்தப் பேச்சு உங்களுக்குத்தான். எந்த டிசைன் எடுப்பா இருக்கும், எங்க லைட் வைக்கலாம்னெல்லாம் இன்னைக்குப் பேசப் போறதில்ல. என்ன சாமான், எத்தனை வாங்கணும், அதை மட்டும் பாப்போம்.

டவுனுக்குள்ள வேலைன்னா கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் ஒண்ணும் குடி முழுகிறாது. ஸ்க்ரூ தீந்துபோச்சா, ஒரு பையன் டூவீலரை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்துருவான். மலை வேலைக்கு அந்தக் கதை ஆகாது. முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினாத்தான் போடிமெட்டு. அங்க இருந்து தோட்டத்துக்கு இன்னும் ஜீப் ரோடு. ஒரு பெட்டி ஸ்க்ரூவுக்காகக் கீழ இறங்கி ஏறினா அரை நாள் போயிரும். மேல நாலு பேர் சும்மா உக்காந்திருப்பாங்க, கூலி ஓடிக்கிட்டிருக்கும். மழைக்காலத்துல பாறை சரிஞ்சு ரோடு அடைச்சா அன்னைக்கு வேலையே இல்ல. அதனால மலை வேலைக்குக் கணக்கு போடுறப்ப ஷீட்டை விட சில்லறைச் சாமான் மேலதான் கண்ணு இருக்கணும். ஷீட்டை யாரும் மறக்க மாட்டாங்க. கிளிப்பு, ஃபாஸ்டனர், டேப்பு, இதுகள்லதான் வேலை நிக்கும்.

இருந்தாலும் ஷீட்லயே ஆரம்பிப்போம். நம்ம பக்கம் கடைகள்ல அதிகமாக் கிடைக்கிறது 6 அடிக்கு 4 அடி, 12.5 மில்லி கனம். ஒரு ஷீட் 24 சதுர அடி. கடையில போய் ரூம் அளவைச் சொன்னா, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 24-ஆல வகுத்துச் சொல்லிருவாங்க. 12 அடிக்கு 14 அடி ரூம்னா 168 சதுர அடி, 7 ஷீட். இதுல அந்தக் கணக்கு சரியாவே வரும், ஏன்னா 12 அடியில ரெண்டு ஷீட் அச்சா உக்காரும்.

இப்ப அதே ரூம் பன்னண்டரைக்குப் பதினாலரைன்னு வைங்க. 181 சதுர அடி சொச்சம். வகுத்தா ஏழரை, கடைக்காரர் 8 எழுதுவார். ஆனா பன்னண்டரை அடியில ரெண்டு ஷீட் போக அரை அடி மிச்சம் நிக்குது. அந்தச் சுவரோரத்துல அரை அடிச் சிம்பு வச்சு ஓட்டுறவங்க இருக்காங்க. நல்ல மேஸ்திரி வைக்க மாட்டார், அங்கதான் முதல்ல கீறல் விடும். ஒரு வரிசையை ரெண்டரை அடித் துண்டுல ஆரம்பிப்பார், அடுத்த வரிசையை நாலடித் துண்டுல ஆரம்பிப்பார். ஒரு வரிசையோட ஜாயின்ட்டுக்கு நேரா அடுத்த வரிசை ஜாயின்ட் வராம மாத்தி மாத்தி அடிப்பார். அப்படி ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு வெட்டுத் துண்டையும் எண்ணிப் பாருங்க, 10 ஷீட் வரும். வழியில ஒண்ணு மூலை உடையும்னு சேத்து மலைக்கு 11 ஏத்துங்க.

அதனால சதுர அடியை மட்டும் நம்பாதீங்க, கட்டம் போடுங்க. ஸ்கூல் பிள்ளைங்களோட கணக்கு நோட்டுல ஒரு கட்டம் அரை அடின்னு வச்சுக்கிட்டா போதும். வேஸ்டேஜ் எத்தனை சதவீதம்னு கேக்குறீங்களே, கட்டம் போட்டவனுக்கு அந்தக் கேள்வியே வராது. கட்டம் போட நேரமில்லன்னா, பெரிய சதுர ரூமுக்கு நூத்துக்கு அஞ்சு, பாத்ரூம் ஒதுக்கு, படிக்கட்டு ஓரம் மாதிரி துண்டு துண்டான இடத்துக்குப் பத்து, சரிவுக் கூரைக்குப் பதினஞ்சு சேத்துக்குங்க.

அடுத்து கம்பி வேலை. அதே பன்னண்டரைக்குப் பதினாலரை ரூமை வச்சே சொல்றேன், எழுதிக்குங்க. சுவர் சுத்தி பெரிமீட்டர் சேனல். சுத்தளவு 54 அடி, சேனல் 12 அடி நீளம், அப்ப 5. அதைச் சுவர்ல ரெண்டடிக்கு ஒரு ஸ்க்ரூ அடிப்பாங்க, 30 ஸ்க்ரூவும் 30 பிளக்கும். மேல தொங்குற இன்டர்மீடியட் சேனல் நாலடி இடைவெளியில நாலு வரிசை. ஒவ்வொரு வரிசையும் பன்னண்டரை அடி, கவனிங்க, 12 அடிச் சேனல் அரை அடி பத்தாது. அரை அடி மேல் ஏத்தி இணைக்கணும்னா ஒரு வரிசைக்கு ஓரடி ஒட்டு. நாலு முழுசு, ஒட்டுக்கு ஒண்ணு, மொத்தம் 5.

ஷீட்டைத் தாங்குற சீலிங் செக்ஷன் ஒண்ணரை அடிக்கு ஒண்ணு. பன்னண்டரை அடிக்கு 8 வரிசை, ஒவ்வொண்ணும் பதினாலரை அடி. 12 அடியோட மூணடி ஒட்டு. ஒரு செக்ஷனை வெட்டினா நாலு மூணடித் துண்டு கிடைக்கும், அதனால எட்டும் ரெண்டும் 10. ஒண்ணரை அடிங்கிறதை மேஸ்திரி ரெண்டடியா இழுத்தா ரெண்டு செக்ஷன் மிச்சம் பிடிக்கலாம். ஆனா ஆறடி ஷீட்ல ஒண்ணரை அடி நாலு தடவை சரியா விழும், நடுவுல தொய்யாது. மலை ஈரத்துல ரெண்டடி இடைவெளி விட்டா ஒரு மழைக்காலம் போனதும் சீலிங்ல அலை தெரியும். இதுல சிக்கனம் பார்க்க வேணாம்னு கண்டிப்பாச் சொல்லுவேன்.

எட்டு செக்ஷனும் நாலு சேனலும் குறுக்க சந்திக்கிற இடம் 32. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிளிப், 35 வாங்குங்க. தொங்கவிடுற இடம் நாலடிக்கு ஒண்ணு, சேனலுக்கு நாலு, மொத்தம் 16. ஒவ்வொரு இடத்துக்கும் கான்கிரீட்ல அடிக்கிற ஃபாஸ்டனர் ஒண்ணு, சின்ன எல் கிளீட் ஒண்ணு, தொங்குற எல் பட்டி ஒண்ணு, நட்டு போல்ட்டு. ஃபாஸ்டனர் மட்டும் 20 எடுங்க. பழைய கான்கிரீட்ல ஒண்ணு ரெண்டு ஓட்டைக்குள்ள கம்பி இடிக்கும், இடம் மாத்தி அடிக்க வேண்டி வரும்.

ஷீட் அடிக்கிற 25 மில்லி ட்ரைவால் ஸ்க்ரூ முக்கா அடிக்கு ஒண்ணு. ஒரு ஷீட்ல அஞ்சு வரி, வரிக்கு ஆறு, முப்பது. பத்து ஷீட்டுக்கு 300. ஓரம், துண்டு, கை தவறிக் கீழ விழுந்து காணாமப் போறது எல்லாம் சேத்து 350. டேப்பு, ஜாயின்ட்டுக்கு 70 அடி, சுவரோரமும் ஒட்டுறீங்கன்னா இன்னும் 54 அடி. நாப்பது மீட்டர்ல முடியும். ஜாயின்ட் காம்பவுண்டு பை மேல எத்தனை சதுர அடிக்கு வரும்னு போட்டிருக்கும், அதைப் பாத்து எடுங்க. பை பிரிச்சா மலைல கெட்டியாயிரும், அதனால ஒரு பெரிய பைக்குப் பதிலா ரெண்டு சின்னப் பை நல்லது.

இதெல்லாம் தட்டையான கான்கிரீட் மச்சுக்கு. மேல மலைல பாதி இடத்துல தகரக் கூரை, சரிவுக் கூரை. அங்க கான்கிரீட் ஃபாஸ்டனர் வாங்கிட்டுப் போனா எங்க அடிப்பீங்க? இரும்புக் குழாய்ல தொங்கணும்னா தானா துளை போடுற ஸ்க்ரூ, இல்ல கிளாம்பு வேணும். எல் பட்டி கணக்கும் மாறும். சுவரோரம் ஒண்ணரை அடி தொங்கினா முகட்டுக்குக் கீழ ஆறடி தொங்கும். ஓரத்தையும் நடுவையும் அளந்து சராசரி எடுத்து, அதை இடங்களோட எண்ணிக்கையால பெருக்குங்க. பட்டி பத்தாமத்தான் ரொம்ப வேலை நின்னிருக்கு.

தகரத்துல இன்னொரு வில்லங்கம். ராத்திரி குளிருல தகரத்தோட அடிப்பக்கம் வேர்க்கும். அந்தத் தண்ணி சொட்டு சொட்டா ஷீட் முதுகுல விழுந்தா ஒரு வருஷத்துல மஞ்சக் கறை. தகரத்துக்கு அடியில இன்சுலேஷன் விரிப்பு இல்லாம கீழ ஜிப்சம் போடாதீங்க. விரிப்புக்கும் லிஸ்ட்ல இடம் விடுங்க. பச்சை நிறத்துல வர்ற ஈரம் தாங்குற ஷீட் இருக்கு, மலைக்கு அதை எடுக்கலாம். ஆனா ஈரம் தாங்கும்னா ஒழுகல் தாங்கும்னு அர்த்தமில்ல. முதல்ல ஒழுகலை அடைக்கணும்.

ஏலக்காய் ஸ்டோர் வச்சிருக்கவங்க ஒண்ணு கேக்குறாங்க, காய் உலர்த்துற ரூமுக்கே ஜிப்சம் சீலிங் போட்டா சூடு நிக்குமேன்னு. வேணவே வேணாம். அஞ்சு கிலோ பச்சைக் காய் போட்டா உலர்ந்து வர்றது ஏறக்குறைய ஒரு கிலோ. மிச்ச நாலு கிலோவும் ஆவியா அந்த ரூம்லதான் சுத்தும், அதுவும் 50 டிகிரி பக்கம் சூட்டுல, விடிய விடிய. ஜிப்சத்தோட எடையில அஞ்சுல ஒரு பங்கு அதுக்குள்ளயே கட்டிக்கிடக்கிற தண்ணி. தீப்பிடிச்சா கொஞ்ச நேரம் தாங்குறது அந்தத் தண்ணியாலதான். ஆனா நாள்கணக்கா 50 டிகிரியைத் தாண்டின சூடு பட்டா அது மெல்ல மெல்ல வெளியேறி போர்டு வலுவிழந்து பொடியும். பொடி விழுந்தா காய்ல விழும், அந்தக் காயை ஏலத்துக்கு எப்படிக் கொண்டு போவீங்க? ஸ்டோர் ஆபீஸ் ரூமுக்குப் போட்டுக்குங்க. காய் ரூமுக்கு சிமென்ட் ஃபைபர் போர்டு மாதிரி ஏதாவது பாருங்க.

இனி ஏத்துற வேலை. ஒரு ஷீட் ஏறக்குறைய 20 கிலோ, பதினோரு ஷீட் 220 கிலோ. சின்ன லோடு வண்டியிலயே தட்டையாப் படுக்கும், பாரம் பிரச்சினையில்ல. வில்லங்கம் 12 அடிச் சேனல்லதான். வண்டி தொட்டிக்கு வெளிய அஞ்சடி நீட்டிக்கிட்டு கொண்டை ஊசி வளைவுல எதிர்ல பஸ் வந்தா என்ன ஆகும்? டிரைவர் கேபின் மேல கட்டி ஏத்துற கம்பி உள்ள பிக்கப்பா பாத்து வாடகைக்குப் பிடிங்க. இல்லன்னா எந்தச் சேனல் எத்தனை அடித் துண்டா வேணும்னு ஏற்கெனவே எழுதியிருக்கீங்களே, அந்த ஒட்டுத் துண்டையாவது கடையிலயே வெட்டி வாங்கிருங்க. ஷீட்டுக்கு அடியில மூணு ரீப்பர், மேல தார்ப்பாய், ஓரத்துல கயிறு இறுக்குற இடத்துல அட்டை. அட்டை வைக்கலன்னா கயிறே ஷீட் ஓரத்தைக் கடிச்சிரும். இறக்குறப்ப ரெண்டு பேரா செங்குத்தாத் தூக்கணும். படுக்க வச்சுத் தூக்கினா நடுவுல முறியும். மேல போய் நேராத் தரையில அடுக்காதீங்க, மலைத்தரை ராத்திரி ஈரம் விடும்.

கான்ட்ராக்டர்கிட்ட சதுர அடி ரேட்டுக்கு விடுறவங்க, அந்த ரேட்டுல என்னென்ன அடங்கும்னு கேட்டு எழுதி வாங்குங்க. லைட்டு ஓட்டை, ஃபேன் தாங்குற இடத்துல தனி சப்போர்ட், ஏத்துக்கூலி, பட்டி பூச்சு, இதெல்லாம் உள்ளயா வெளியயா? ஃபேனை ஜிப்சத்துல மாட்டக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும், மேல மச்சுல இருந்துதான் கம்பி இறங்கணும். அது அவர் லிஸ்ட்ல இல்லன்னா நீங்கதான் வாங்கணும். பிரிக்காத பெட்டி, வெட்டாத சேனல் மிச்சமானா கடை திரும்ப எடுக்குமான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பேசிருங்க.

வேலை பூப்பாறை, ராஜகுமாரி பக்கம்னா சரக்கு மாநிலம் தாண்டுது. போடிக் கடையில பில் போடுறப்பவே வேலை நடக்கிற இடத்து முகவரியைச் சொல்லிருங்க. சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினா இ-வே பில்லும் வேணும், அதுல வண்டி நம்பர் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க. கடைசி நேரத்துல வேற வண்டி மாத்திட்டு, நம்பரை மாத்தாம ஏறினா வழியில சோதனை பண்றப்ப வண்டி நிக்கும்.