கத்தி சொல்லும் பெயரும் சொல்லாத பெயரும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"தபால்தலை சேர்க்கலாம், நாணயம் சேர்க்கலாம். போயும் போயும் கத்தியா சேர்ப்பாங்க?" என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. பயப்படாதீங்க! நான் சேர்ப்பது சட்டைப்பையில் அடங்கும் பழைய மடக்குக் கத்திகள். இறகுப் பேனா சீவப் பயன்பட்டதால்தான் பேனாக்கத்தி என்ற பெயரே வந்தது.

பழைய கத்தி ஒன்று கைக்கு வந்தால் முதலில் விரித்து, அலகு கைப்பிடியோடு சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்க. செய்தவர் முத்திரை அங்கேதான் இருக்கும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தித் தொழிலுக்கென்று 1624-ல் சட்டப்படி ஒரு சங்கம் அமைந்து, முத்திரைகளைப் பதிவு செய்து காத்தது. நட்சத்திரமும் சிலுவையும் இருந்தால் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி. 'ஐ எக்ஸ் எல்' என்ற மூன்று எழுத்து இருந்தால் ஜார்ஜ் வொஸ்டன்ஹோம் கம்பெனி. அந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் 'நான் மிஞ்சுகிறேன்' என்று பொருள் வரும். குறும்பைப் பாருங்க!

காலத்தையும் கண்டுபிடிக்கலாம். ராட்ஜர்ஸ் கத்தியில் கிரீடத்தோடு 'வி ஆர்' என்றிருந்தால் அது விக்டோரியா அரசியின் காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டது. ஆகவே 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அமெரிக்காவின் கேஸ் கம்பெனி 1970-ல் அலகில் பத்துப் புள்ளி வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்தது. ஏழு புள்ளி இருந்தால் 1973! பளபளப்புக்காக முத்திரையைத் தேய்த்துவிட்டால் இந்தச் சரித்திரம் எல்லாம் போச்சு.

ஆனால் நண்பர்களே, முத்திரை சொல்வது கம்பெனியின் பெயரை மட்டும்தான். இரும்பை அடித்தவர் ஒருவர், சாணை பிடித்தவர் ஒருவர், கைப்பிடி போட்டவர் ஒருவர். அவர்கள் பெயர் எங்கே?

ஷெஃபீல்டில் சாணை பிடித்தவர்களின் நுரையீரலில் கல்தூளும் எஃகுத்தூளும் படிந்தன. டாக்டர் நைட் என்ற அந்த ஊர் மருத்துவரின் கணக்கை ஏங்கெல்ஸ் 1845-ல் வெளியிட்ட நூலில் தருகிறார். அங்கிருந்த சாணைக்காரர் சுமார் 2,500 பேர். உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் இறந்தார்கள். தண்ணீர் ஊற்றிய கல்லில் மேஜைக்கத்தி தீட்டியவர்களுக்கே 40 முதல் 50 வயதுதான். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் இன்னும் எட்டு, பத்து வருஷத்தில் அந்த 28 வயதைத் தொடுவீர்கள். யோசித்துப் பாருங்க.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு கத்திக்கும் கம்பெனி, ஊர், காலம் என்று மூன்று கட்டம் உண்டு. நான்காவது கட்டம் 'சாணை பிடித்தவர்'. இன்றுவரை அது எல்லாப் பக்கத்திலும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கட்டம் போடுவதை நான் நிறுத்தவில்லை.

நாளைக்கு நீங்கள் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பொறுப்புக்கு வருவீர்கள். வேலை செய்கிறவரின் பெயரையும் எங்கேயாவது எழுதி வையுங்க. அவர் சுவாசிக்கும் காற்றையும் கொஞ்சம் கவனியுங்க.