தட்டணு குறைந்தவருக்குப் பக்கவாதம் வந்தால்

(ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



உங்கள் ஜெபங்களுக்காகவும் காணிக்கைகளுக்காகவும் ஆண்டவரைத் துதிக்கிறோம். இன்று ஒரே ஒரு நோயாளியைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறோம். அவர் பெயரைச் சொல்லாததற்கு மன்னிக்கவும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த தாய் அவர். வயது 34. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை. கால்களில் சிவப்புப் புள்ளிகளும் நிற்காத மாதவிலக்குப் போக்குமாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்தார். பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது 11,000.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவல் சக்தியே தன் சொந்தத் தட்டணுக்களை அழிப்பதுதான் இந்த நோய். இதை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து டாக்டர் வில்லியம் ஹாரிங்டன். 1950-ல் இப்படிப்பட்ட ஒரு நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அபாயகரமாகக் குறைந்தன. சில நாட்களில் தேறினார். அந்தத் துணிச்சலால்தான் நோயின் காரணம் விளங்கியது.

நம் சகோதரிக்கு ஸ்டீராய்டு மாத்திரையால் எண்ணிக்கை ஏறியது. ஆனால் முகம் ஊதியது. பரிசோதனைக்கு வந்தால் ஒரு நாள் சம்பளமும் போயிற்று. மெல்ல வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் விடியற்காலையில் அவருடைய வலது கை டம்ளரைப் பிடிக்கவில்லை. பேச்சு குழறியது. வாதம் அடித்துவிட்டது, புறா இரத்தம் தேய்த்தால் சரியாகும் என்றார் ஓர் உறவினர். கடையில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். கணவர் நாங்கள் முன்பு கொடுத்திருந்த அட்டையைத் தேடி எடுத்தார். "கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி கண்டால் உடனே வரவும். வலி மாத்திரையோ ஊசியோ வேண்டாம்" என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதில் எழுதியிருந்தோம். அவர் 108-க்குப் போன் செய்தார்.

பக்கவாதம் இரண்டு வகை. மூளையின் இரத்தக் குழாய் உடைந்து கசிவது ஒன்று. குழாய் அடைத்துக்கொள்வது மற்றொன்று. தட்டணு குறைந்தவர் என்றதும் கசிவாகத்தான் இருக்கும் என்றே எங்களில் சிலரும் நினைத்தோம். அன்று அவருடைய எண்ணிக்கை 58,000. ஸ்கேன் எடுத்தோம். கசிவு இல்லை, அடைப்பு!

இது எப்படி? இந்த நோயில் எலும்பு மஜ்ஜை அவசரமாகப் புதுத் தட்டணுக்களை அனுப்புகிறது. எண்ணிக்கையில் குறைவானாலும் அவை அதிகமாக ஒட்டும் தன்மை உள்ளவை. சிலருக்கு இரத்தத்தை உறையச் செய்யும் வேறு எதிர்ப்புப் பொருள்களும் சேர்ந்திருக்கும். இவருக்கு அப்படியே இருந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் சோதித்து உறுதி செய்தோம். தட்டணுக்களே கட்டிகளாகிக் குழாய்களை அடைக்கும் அபூர்வ நோய் ஒன்றும் உண்டு. அதில் யோசிக்காமல் தட்டணு ஏற்றினால் கேடு விளையலாம். ஆகவே ஒரு சொட்டு இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, உடைந்த சிவப்பணுக்கள் இல்லை என்பதையும் நிச்சயித்துக்கொண்டோம்.

எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் குறைவானதால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடியவில்லை. பெங்களூர் நிபுணர்களின் ஆலோசனையோடு முதலில் தட்டணுக்களை உயர்த்தி, பிறகு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எச்சரிக்கையாகத் தொடங்கினோம். கசிவாக இருந்திருந்தால் அதே மருந்து அவர் உயிரைக் குடித்திருக்கும். நண்பர்களே, ஊகிக்கக்கூடாது என்பதே நாங்கள் கற்ற பாடம்.

இன்று அவர் பேசுகிறார், நடக்கிறார். வலது கையில் இன்னும் பழைய பலம் இல்லை. பழைய வேலைக்குத் திரும்பவில்லை. பரிசோதனையை அவர் நிறுத்திய நாளிலேயே நாங்கள் வீடு தேடிப் போயிருக்க வேண்டாமா என்ற கேள்வி எங்களை உறுத்துகிறது. வீடு தேடி மருந்து கொண்டுபோகும் அரசுத் திட்டம் 2021-ல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நாமும் அவ்வழியே நடக்க வேண்டும்.

நமக்கு முன்னோடிகளும் உண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். பெங்களூரில் நிமான்ஸ் நிறுவனம் நம் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. பெரிய சிகிச்சை தூரத்தில் இல்லை. ஏழைக்குத் தூரமாக இருப்பது ஸ்கேன் கட்டணமும், மாதாந்தர இரத்தப் பரிசோதனையும், இழக்கும் ஒரு நாள் கூலியும்தான்.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வாடி, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியருக்குச் செலவழித்த பெண்ணைச் சுவிசேஷத்தில் அறிவோம். கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் அவள் தொட்டாள். நம் ஆண்டவர் நின்று திரும்பிப் பார்த்தார். நாமும் நின்று பார்ப்போமாக. உங்கள் காணிக்கையால் இப்படிப்பட்டவர்களின் பரிசோதனை தடைபடாமல் நடக்கட்டும். உங்கள் வாலிபர்கள் இரத்த தானம் செய்ய முன்வரட்டும். தானமாகப் பெறும் தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. அந்தச் சகோதரியின் வலது கைக்காகவும் ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.