சாட்பாட் சொன்ன சலுகை

2022 நவம்பரில், பாட்டி இறந்த செய்தி கேட்டுக் கனடாவில் ஒருவர் அவசரமாக விமான டிக்கெட் தேடினார். துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான சலுகைக் கட்டணம் பற்றி ஏர் கனடா இணையதளத்தின் சாட்பாட்டிடம் கேட்டார். டிக்கெட் எடுத்து 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் போதும் என்றது அது. நம்பி முழுக் கட்டணம் கட்டினார். பிறகு கேட்டால், பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது.

விஷயம் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் சொன்னதற்குச் சாட்பாட்டே பொறுப்பு என்கிற மாதிரி வாதாடியது நிறுவனம். எவ்வளவு அநியாயம், பாருங்கள்! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை நிராகரித்து, வட்டி, செலவு எல்லாம் சேர்த்துச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கவனக்குறைவாகத் தவறான தகவல் தந்து நஷ்டம் உண்டாக்கியவர் ஈடுசெய்ய வேண்டும் என்ற பழைய விதியே போதுமானதாக இருந்தது.

அந்தப் பயணிக்குக் கைகொடுத்தது, சாட்பாட்டுடனான உரையாடலை அவர் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட். நீங்களும் எடுத்து வையுங்கள். பணம் கட்டும்முன் நிறுவனத்தின் விதிமுறைப் பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.