குறட்டை நல்லுறக்கம் அன்று

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின், இமாமை அழைத்துச் சில வார்த்தைகள் பேசச் சொல்வது நம் ஜமாஅத்தின் வழக்கம். முந்தைய ஆண்டுகளில் ஜகாத்தைப் பற்றியும் பெண்மக்களின் கல்வியைப் பற்றியும் பேசினேன். இவ்வாண்டு உறக்கத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். தலைவர் அவர்கள் சிரித்துவிட்டு, "ஹஜ்ரத், ஜும்ஆ பயானில் உறங்குகிறவர்களைப் பற்றியா?" என்றார்கள். "அவர்களைப் பற்றியும்தான், அதற்கு முன் என்னைப் பற்றி" என்றேன்.

நம் மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். நள்ளிரவிலும் பரோட்டாக் கல்லின் சூடு ஆறுவதில்லை. மாட்டுத்தாவணியில் விடிய விடியப் பேருந்துகள் வந்து போகின்றன. பொழுது புலர்வதற்குள் பூச்சந்தை களைகட்டி விடுகிறது. நம் மஹல்லாவாசிகளில் பலர் இந்த இரவை நம்பியே பிழைப்பவர்கள். ஊர் தூங்காமல் இருப்பது அதற்குப் பெருமையாக இருக்கலாம். அதில் வாழும் மனிதன் தூங்காமல் இருப்பது அவனுக்குப் பெருமை அன்று, பிணி.

எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் உடலில் சில மாற்றங்களைக் கண்டேன். இரவில் ஏழு மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் தலை கனத்தது, வாய் வறண்டது. சிறுநீர் கழிக்க இரவில் இரண்டு மூன்று முறை எழுந்தேன். மக்தபில் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்டுக் கொண்டிருக்கும்போதே கண் சொருகும். பிள்ளைகள் வாயைப் பொத்திக் கொண்டு சிரிப்பார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக ஓதிவரும் சூராக்களில் நடுவே தடுமாறினேன். சிறு விஷயத்திற்கும் கோபம் வந்தது.

ஒருநாள் ஸுப்ஹுக்கு நான் எழவில்லை. பாங்கு என் காதில் விழவில்லை. ஜமாஅத் காத்திருந்தது. மோதினார் வந்து கதவைத் தட்டிய பிறகே விழித்தேன். நான் பள்ளிக்குள் நுழைந்தபோது மூத்தவர் ஒருவர் தொழ வைத்துக் கொண்டிருந்தார். கடைசி ஸஃப்பில் நின்று தொழுதேன். அன்று நான் பட்ட வெட்கத்தை அல்லாஹ் அறிவான். என் ஈமானில் பழுது வந்துவிட்டது என்றே எண்ணினேன். தவ்பாச் செய்தேன், இரண்டு கடிகாரங்களில் மணி வைத்தேன், தேநீரைக் கூட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

காரணத்தைக் கண்டறிந்தவர் மருத்துவர் அல்லர், என் வீட்டார். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்கள். திடீரென்று அது நின்று விடுகிறது. மூச்சும் நின்று விடுகிறது. நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டே காத்திருப்பேன். பதினைந்து மணி ஆகும். சில நேரம் இருபத்தைந்து ஆகும். பிறகு தண்ணீரில் மூழ்கி எழுந்தவர் போல மூச்சை இழுப்பீர்கள். உங்களிடம் சொன்னால் மனம் வருந்துவீர்கள் என்று சொல்லவில்லை." பல மாதங்களாக நான் உறங்கினேன், என் மூச்சுக்குக் காவலாக அவர் விழித்திருந்தார். அது எனக்குத் தெரியவே இல்லை.

பெரியோர்களே! இதற்கு மருத்துவர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்று பெயர் சொல்கிறார்கள். உறக்க மூச்சுத்தடை எனலாம். நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை அளவு மீறித் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்து விடுகின்றன. மார்பும் வயிறும் மூச்சுவிட முயல்கின்றன. காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி அவரை ஒரு கணம் எழுப்பி விடுகிறது. மூச்சு வந்ததும் மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இப்படி எழுந்தது அவருக்கு நினைவிருக்காது. இரவு முழுவதும் உறங்கியதாகவே எண்ணிக் கொள்வார்.

பத்து விநாடியும் அதற்கு மேலும் மூச்சு நிற்பதை, அல்லது வெகுவாகக் குறைவதை, ஒரு தடவை என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு 5 தடவைக்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. உடலில் கருவிகளைப் பொருத்தி ஓரிரவு உறங்கச் செய்து எனக்குச் சோதித்தார்கள். மணிக்கு 34 தடவை என்று வந்தது.

இது அபூர்வ நோய் அன்று. 30 முதல் 69 வயது வரையுள்ளவர்களில் உலகெங்கும் ஏறத்தாழ 93 கோடிப் பேருக்கு இது ஓரளவேனும் இருக்கலாம் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உடல் பருத்தவர்கள், கழுத்து தடித்தவர்கள், நாற்பதைக் கடந்த ஆண்கள், மாதவிடாய் நின்ற பெண்கள் ஆகியோரிடம் இது மிகுதி. கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் ஏறும். இதயத் துடிப்பு சீர்கெடலாம். பக்கவாதத்திற்கும் வழி திறக்கும். இந்தித் திரைப்பட இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் தமது 69-ஆம் வயதில் மறைந்தபோது, மரணத்திற்குக் காரணம் இந்த மூச்சுத்தடையே என்று மருத்துவர் அறிவித்தார். அதற்கு முன் இந்நோயின் பெயரைக் கேட்டறியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மருந்து உண்டா என்று கேட்பீர்கள். முற்காலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தி, தொண்டை அடைபடாமல் காக்கும் முறையை 1981-இல் வெளியிட்டார். 'சிபேப்' எனப்படும் அந்த இயந்திரம்தான் இன்று என் தலைமாட்டில் இருக்கிறது. முதல் சில வாரங்கள் மிகவும் சிரமப்பட்டேன். இரவில் என்னையறியாமல் முகமூடியைக் கழற்றி எறிந்தேன். பொறுமையோடு பழகினேன். இப்போது பாங்கு சொல்வதற்கு முன்பே விழிப்பு வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். என் வீட்டாரும் உறங்குகிறார்.

இனி, நான் உங்கள் முன் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. எனக்கு இந்நோய் தெரிய வருவதற்கு முன், ஜும்ஆ பயானில் முன் ஸஃப்பில் அமர்ந்து உறங்கும் ஒரு சகோதரரை அடிக்கடி கண்டேன். அவர் சரக்கு வாகனம் ஓட்டுபவர். ஒரு வெள்ளியன்று மிம்பரில் இருந்தபடியே, "இரவெல்லாம் காசுக்காக விழித்திருந்துவிட்டு அல்லாஹ்வின் வீட்டில் வந்து உறங்குகிறவர்கள் உண்டு" என்று சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருடைய பார்வையும் அவர் மீது திரும்பியது. மறுவாரம் முதல் அவர் பின்னால் போய்த் தூணின் மறைவில் அமர்ந்தார்.

என் பரிசோதனை முடிவு கைக்கு வந்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "ஹஜ்ரத், நாலுவழிச் சாலையில் ஒரு தடவை கண்ணயர்ந்து தடுப்பில் உரசினேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை" என்றார். அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவருக்கும் அதே நோய். இதைச் சபையில் சொல்ல அவரே அனுமதி தந்தார்.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஓரிரவு நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் களைத்து இறங்கினார்கள். ஸுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பை பிலால் (ரலி) ஏற்றார்கள். கிழக்கு வெளுப்பதை எதிர்பார்த்துத் தம் ஒட்டகத்தில் சாய்ந்திருந்த அவர்களையும் உறக்கம் மிகைத்தது. வெயில் பட்ட பிறகே விழித்தார்கள். அதற்காக பிலால் (ரலி) பழிக்கப்படவில்லை. சற்று நகர்ந்து சென்று தொழுகை நிறைவேற்றப்பட்டது. இந்தச் செய்தியை நான் மதரஸாவில் ஓதியிருக்கிறேன், பிறருக்கு ஓதியும் கொடுத்திருக்கிறேன். தூணின் மறைவில் அமர்ந்தவரிடம் நடந்துகொண்டபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வேண்டுமென்றே தொழுகையை அலட்சியம் செய்வது வேறு. உடல் நம்மை வீழ்த்துவது வேறு. நோய் எது, அலட்சியம் எது என்று விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

முதலாவது: குறட்டை விடுபவர் எல்லாரும் நோயாளி அல்லர். மனக்கவலை, சர்க்கரை நோய், பின்மாலைத் தேநீர், கைப்பேசி ஆகியவையும் உறக்கத்தைக் கெடுக்கும். ஆனால் பலத்த குறட்டை, இடையில் மூச்சு நிற்றல், பகலில் அடக்க முடியாத உறக்கம் ஆகியவை சேர்ந்து இருந்தால் நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ செல்லுங்கள். வாகனம் ஓட்டுபவர்கள் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

இரண்டாவது: மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை விழுங்காதீர்கள். சில மாத்திரைகள் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி அடைப்பைக் கூட்டி விடும்.

மூன்றாவது: எடையைக் குறையுங்கள், புகையை விடுங்கள், நள்ளிரவுப் பரோட்டாவுக்கும் பிரியாணிக்கும் விடை கொடுங்கள். மல்லாந்து படுப்பதைத் தவிருங்கள். ஒருக்களித்துப் படுத்தால் பலருக்கு அடைப்பு குறைகிறது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நமக்குப் பழகிய சுன்னத்துதானே!

நான்காவது, தாய்மார்களுக்கு: உறங்குபவருக்குத் தம் நோய் தெரியாது, அதற்குச் சாட்சி நீங்களே. கணவர் மனம் வருந்துவார் என்று மறைக்காதீர்கள். உங்களுக்கே இந்த அறிகுறிகள் இருந்தால், பெண் குறட்டை விடுவதா என்று வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள்.

ஐந்தாவது, நிர்வாகத்தினருக்கு: பரிசோதனைக்கும் இயந்திரத்திற்கும் ஆகும் செலவு ஏழைக் குடும்பத்திற்குப் பெரிது. தகுதியானவர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவ வழி காணுமாறு கேட்டுக் கொள்கிறேன். ஓர் ஓட்டுநரின் கண் விழித்திருந்தால் அவர் உயிர் மட்டுமல்ல, எதிரே வரும் எத்தனையோ உயிர்களும் காக்கப்படும்.

அந்தச் சகோதரர் இன்றும் இந்தச் சபையில் இருக்கிறார். பழகிவிட்டது என்று சொல்லி இன்னமும் அதே தூணின் அருகிலேயே அமர்கிறார். ஆனால் பயான் முடியும் வரை விழித்திருக்கிறார். போன வாரம் நான் ஒரு வருடத்தைத் தவறாகச் சொன்னபோது, தொழுகை முடிந்ததும் வந்து திருத்தியவரும் அவர்தான்.

வல்ல அல்லாஹ் நம் இரவுகளை ஓய்வாகவும் நம் பகல்களை உழைப்பாகவும் ஆக்கி அருள்வானாக! நம்மால் மனம் நொந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவையும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.