ரோமிலிருந்து ஹாம்பர்க் எத்தனை கிலோமீட்டர்?



இத்தாலியின் ரோம் நகரிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்குச் சில பயணிகள் புறப்பட்டார்கள். நடுவில் பிரஸ்ஸெல்ஸில் விமானம் மாற வேண்டும். முதல் விமானமே தாமதம். இணைப்பு விமானம் கைநழுவிப் போனது. ஹாம்பர்க் போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் பிந்திவிட்டது. இதற்கு ஐரோப்பிய விதியில் இழப்பீடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதைத் தாண்டினால் 400.

தகராறு அங்கேதான் தொடங்கியது. பிரஸ்ஸெல்ஸ் வழியாகக் கணக்கிட்டால் 1,656 கிலோமீட்டர். ரோமிலிருந்து நேராக அளந்தால் 1,326 தான். விமான நிறுவனம் 250 யூரோ கொடுத்தது. பயணிகள் மிச்சம் 150-ஐக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஏறிய ஊருக்கும் கடைசியாக இறங்கும் ஊருக்கும் உள்ள நேர்தூரமே கணக்கு. சுற்றிப் போனதால் பயணிக்குக் கூடுதல் சிரமம் எதுவும் இல்லை என்பது நீதிமன்றத்தின் வாதம்.

சரி, உருண்டையான பூமியில் நேர்தூரம் எப்படி வரும்? உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது படியும் தடமே மிகக் குறுகிய வழி. பெருவட்டப் பாதை என்று இதற்குப் பெயர். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் கோணக் கணிதம் மீதியைச் சொல்லிவிடும். ஆனால் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை. நடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357. இந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை 1975-இல் தாடியஸ் வின்சென்டி வெளியிட்டார். அதில் பிழை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஓடுபாதையே மூன்று கிலோமீட்டர் நீளும்போது பயணிக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு? நில அளவைக்காரர்களுக்குத்தான் அது தேவை.

விமானியின் கணக்கோ வேறு. டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெருவட்டப்படி சுமார் 12,400 கிலோமீட்டர்; அந்தக் கோடு சைபீரியாவைத் தாண்டி ஆர்க்டிக் கடல் வரை ஏறி இறங்குகிறது. ஏர் இந்தியா முதலில் போனது அட்லாண்டிக் வழியாக, ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் 15,300-ஐ எட்டியது. அப்படியும் பயண நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணியில் விமானம் போய்ச் சேர்ந்தது!

காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அட்லாண்டிக் வழியில் அது எதிர்க்காற்று. பசிபிக் வழியில் முதுகைத் தள்ளும் காற்று. விமானத்தின் வேகம் காற்றோடு ஒப்பிட்ட வேகம் என்பதால், எரிபொருளும் காற்றுக்குள் கடந்த தூரத்துக்கே செலவாகிறது. தரையில் 1,400 கிலோமீட்டர் அதிகமான அந்தப் பாதை, காற்றுக்குள் அளந்தால் பழையதைவிடக் குட்டை.